துளை தங்காத பந்துகள்

பத்து கெனாங்கா என்கிற ஊரில், தாமான் குடியிருப்பின் வரிசை வீடுகள் முடிந்து செம்பனைக் காடு தொடங்குகிற முனையில், பௌலிங் மையம் ஒன்றும் அதன் இடுப்பில் ஒட்டிக்கொண்டு பந்துகளுக்குத் துளை போடும் கடை ஒன்றும் இருந்தன. அந்தக் கடைக்காரி கோகிலவாணிக்கு மூன்று புதுப் பந்துகள் வந்து இறங்கிய வாரத்திலிருந்துதான் அந்த ஊரில் விழுந்த துளையும் போட்ட துளையும் தங்காமல் போயின. மழை பெய்தால் நனைகிறோம், வெயில் அடித்தால் காய்கிறோம், துளை மூடினால் மூடிவிட்டுப் போகட்டும் என்று ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொள்ள முடியாமல் தவித்தது ஒரே ஒருத்திதான். துளை போட்டுப் பிழைப்பவள் அவள் ஒருத்திதானே.

பௌலிங் என்றால் கிரிக்கெட்டில் கை சுழற்றிப் போடுகிறது இல்லை. எண்ணெய் பூசிய நீளமான மரத்தளத்தின் கோடியில் புட்டி வடிவத்தில் பத்து மரப் பின்கள் நிற்கும், முழுத் தர்பூசணி கனத்தில் ஒரு பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும், விளையாட்டு அவ்வளவுதான். அவ்வளவுக்குத்தான் ஆயிரம் தலைவலி. பந்து செய்கிற இடத்திலிருந்து துளையே இல்லாமல் மொழுக்கென்று வரும். அதன் தோலில் ஒரு நிறப் பொட்டு மட்டும் இருக்கும், உள்ளே புதைந்து கிடக்கிற எடைக்கட்டியின் தலை இந்தப் பக்கம் என்று காட்ட. நடுவிரல், மோதிரவிரல், கட்டைவிரல் மூன்றுக்கும் போடுகிற துளைகள் அந்தப் பொட்டுக்கு எந்தப் பக்கத்தில், எவ்வளவு தள்ளி விழுகின்றன என்பதில்தான் பந்தின் குணம் முழுக்க இருக்கிறது. பொட்டு விரல்களுக்கு மேலே நின்றால் பந்து நெடுந்தூரம் வழுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் வெடுக்கென்று திரும்பும். விரல்களுக்குக் கீழே நின்றால் சீக்கிரமே உருளத் தொடங்கி நிதானமாக வளையும். பந்து எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்த அச்சுப்புள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாலோ, கலியாண வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்த மாமா மாதிரி எங்கேயும் திரும்பாது.

கோகிலவாணி வாங்கியது கரும்பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று. எண்ணெய் நிறைய இருக்கிற காலை நேரத்துக்குக் கரும்பச்சை, ஆட்டம் நடந்து எண்ணெய் குறைந்த பிறகு நீலம், தளம் வறண்டு போன கடைசி ஆட்டங்களுக்குச் சிவப்பு. ஒன்று விட்ட இடத்தில் ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும், ஒன்றின் வேலையில் ஒன்று தலையிடக் கூடாது. மாநிலப் பெண்கள் அணிக்கான தேர்வு ஈப்போவில் நடக்கவிருந்தது. முதல் தடவை அவள் தேர்வுக்குப் பெயர் கொடுத்தபோது அம்மை வார்த்துப் படுத்துக்கொண்டாள். இரண்டாம் தடவை பழைய பந்து நடு ஆட்டத்தில் இரண்டாகப் பிளந்துகொண்டது. இது மூன்றாம் தடவை, அடுத்தது வரும்போது அவள் பெயரை மூத்தோர் பிரிவில்தான் எழுதுவார்கள். அந்த அணிச் சட்டையை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை அவளுக்கு வயிற்றுப் பசி மாதிரி இருந்தது, வெளியே சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

ஆகவே அவள் மூன்று பந்துகளையும் மேசையில் வைத்துக்கொண்டு, மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டு, கோப்பி ஆற ஆற யோசித்து, ஒருவழியாக மனசைத் திடப்படுத்திக்கொண்டு துளைத்தாள். துளைத்தால் துளைத்ததுதான், சட்டைத் துணியை வெட்டின மாதிரி. மறுநாள் காலை கடையைத் திறக்க வந்தால் சாவித் துவாரம் இல்லை. பூட்டை உடைத்து உள்ளே போனால் மூன்று பந்துகளும் துளை போட்ட சுவடே இல்லாமல் மொழுக்கென்று உட்கார்ந்திருந்தன, ஆணியில் தொங்கிய மேலங்கியின் பொத்தான் துளைகள்கூடத் தைத்தது போல மூடியிருந்தன.

"சனியன்," என்றாள் கோகிலவாணி. அவள் திகைக்கவில்லை, அவளுக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தோடு மறுபடி பென்சிலை எடுத்தவள், எப்படியும் மூடித்தானே விட்டது, நேற்று நீலத்துக்குப் பொட்டைக் கொஞ்சம் மேலே வைத்திருக்கலாம் என்று தோன்றியதே, இன்றைக்கு அப்படி வைத்துப் பார்த்தால் என்ன என்று நினைத்தாள். வினை அந்த நினைப்பில்தான் ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் பந்துகளை வீட்டுக்குக் கொண்டுபோனாள். விடிந்தபோது அவளுடைய காதுத் துளைகள் தூர்ந்து, தோடு இரண்டும் தலையணையில் கிடந்தன. புருஷன் குணாளன் பள்ளி பஸ் ஓட்டுகிறவன், வருஷக்கணக்காகக் கடைவாய்ப் பல்லில் ஒரு குழியை வளர்த்துக்கொண்டு கராம்பு அடக்கிக்கொண்டு திரிந்தவன், அவன் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"வாணி, இங்க பாரு, மூடிருச்சு! வழவழன்னு இருக்கு. கராம்பு வைக்க எடமே இல்ல."

"எம் பந்தும் மூடிருச்சு. அதுக்கு யாரு சிரிக்கிறது?"

"பந்துதான, மறுபடி தொளச்சுக்கலாம். பல்லு அப்புடியா?"

அவன் பஸ்ஸில் ஏறின பிள்ளைகளிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டினான், பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள், அத்தோடு முடிந்தது அவளுடைய நிம்மதி. மலாய்க்கார அத்தை மக்சிக் ரோஸ்னா அடி ஓட்டையான அண்டாவைக் கொண்டுவந்து பந்துகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், காலையில் நல்ல அண்டாவாக எடுத்துப் போனாள். கோப்பிக்கடை ஆ ஹெங் பஞ்சரான மோட்டார் சைக்கிள் டயரைக் கொண்டுவந்தார். யாரோ கொசுவலையை, யாரோ படகை, யாரோ எலி கடித்த அரிசி மூட்டையை. வடைக்கடை பாக்கியம் மட்டும் தெரியாத்தனமாகக் காலை வியாபாரத்துக்குச் சுட்டுவைத்த உளுந்து வடைத் தட்டை அங்கே மறந்துவிட்டுப் போய், மறுநாள் வந்து பார்த்தால் வடை எல்லாம் தட்டையாக, நடுவில் ஓட்டை இல்லாமல், பணியாரத்தின் சித்தப்பா பிள்ளை மாதிரி இருந்தது. அவள் அதையும் புது வடை என்று சொல்லி விற்றுவிட்டாள், வாங்கித் தின்றவர்கள் மறுநாளும் அதையே கேட்டார்கள். மூக்குத்தி போட்ட பெண்கள் மட்டும் கடை இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினார்கள். மற்றபடி ஒருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

கொஞ்ச நாளில் பந்துகள் அவளிடம் இரவில் தங்குவதே நின்றுபோனது. இன்றைக்கு இன்னார் வீட்டுக்கூரை, நாளைக்கு மலாய்க்காரர்கள் தொழுகிற சூராவின் தண்ணீர்த் தொட்டி, அடுத்த நாள் கோயில் மண்டபம் என்று ஊரே கூடி முறை வைத்துக்கொண்டது. சாயங்காலம் வந்து தொட்டில் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிப் போவார்கள், காலையில் துடைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. துளைக்காத பந்தை வைத்தால் ஒன்றும் நடப்பதில்லை, பந்தின் துளை மூடும்போதுதான் பக்கத்துத் துளையும் சேர்ந்து மூடுகிறது என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே தினமும் அவள் துளைத்துக் கொடுத்தாக வேண்டும். அதற்கும் மேலே, எந்தத் துளைக்குப் பொட்டு எங்கே இருக்க வேண்டும் என்று ஊருக்குள் ஒரு வைத்தியமே வளர்ந்துவிட்டது.

கோயில் நிர்வாகக் குழுத் தலைவர் சின்னராசு ஒருநாள் காலையிலேயே வந்து நின்றார். பளிச்சென்ற வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, குரலில் வேண்டுகோள் மாதிரி ஒரு கட்டளை.

"கோகிலாம்மா, மண்டபத்துக் கூரை ஒழுகுது. நாளைக்கு வளகாப்பு வேற இருக்கு. நீலப் பந்துக்குப் பொட்டக் கீழ வச்சுத் தொளச்சுக் குடு. மேல வச்சா ஆணி ஓட்டதான் மூடுது, பெரிய ஓட்டைக்குக் கேக்கமாட்டேங்குது."

"அண்ணே, பொட்ட மேல வைக்கிறதும் கீழ வைக்கிறதும் லேன்ல இருக்குற எண்ணெயப் பாத்து. ஒங்க கூரையப் பாத்து இல்ல."

"அதெல்லாம் ஒனக்குத் தெரியும்லா. நான் கண்ணால பாத்ததச் சொல்றேன். சூராவுக்கு நீ கீழ வச்சுக் குடுத்தியா இல்லியா? அவுங்க தொட்டி முழுசா அடைஞ்சிருச்சு. சாமிக்குன்னு வரும்போது மட்டும் மேல வச்சுக் குடுக்குற."

"நான் யாருக்கும் வச்சுக் குடுக்கலண்ணே! எனக்கு வச்சுக்கிட்டேன். எனக்கு! தேர்வு வருது எனக்கு."

"வரட்டும்மா. நல்லா வெளையாடு. மொதல்ல கூரையப் பாரு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொட்டைக் கீழே வைத்துத் துளைத்தாள், வளைகாப்புப் பெண் நனையக் கூடாதே என்பதற்காக. அன்று பகலெல்லாம் அந்த நீலப் பந்து அவள் நினைத்த இடத்துக்கு முன்னாலேயே உருண்டு வளைந்து, முன்னால் நிற்கிற பின்னுக்கு இடது பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. மண்டபத்தில் வளைகாப்பு நன்றாக நடந்தது, அவளுக்கும் ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம் வந்தது.

ஊரை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோசனம், பாதிக் குற்றம் அவளுடைய கையிலும் இருந்தது. ஒரு பந்தோடு பழக வேண்டும். அது எண்ணெயில் எப்படிச் சறுக்கும், எங்கே மனசு மாறும், தளத்தின் எந்தப் பலகையில் கால் வைத்தால் ஒத்துழைக்கும், எதற்குக் கோபித்துக்கொள்ளும் என்று வாரக்கணக்காய், மாதக்கணக்காய் உருட்டிப் பார்த்து, திட்டிப் பார்த்து, கொஞ்சிப் பார்த்து, பழக வேண்டும். அவளுக்கோ தினமும் காலையில் புதுப் பந்து. நேற்று கரும்பச்சை நன்றாக வந்ததே, அதே இடத்தில் போடுவோம் என்று உட்காருவாள், உட்கார்ந்ததும், இன்னும் கால் அங்குலம் தள்ளினால் இன்னும் நன்றாக வருமோ என்று கை அரிக்கும், தள்ளிப் போடுவாள், போட்டபின் முந்தினதே தேவலை என்று தோன்றும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், எப்படியும் மூடத்தானே போகிறது என்று விடுவாள். தப்பாகப் போட்டால் போனது என்கிற பயம் இருந்த காலத்தில் அவள் சரியாகப் போட்டாள். தப்பே நிலைக்காது என்றானபோது சரியும் நிலைக்கவில்லை. சில காலைகளில் மெழுகுப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூன்று மொழுக்கை உருண்டைகளைப் பார்க்கும்போது அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருக்கும்.

தேர்வு இரண்டு நாள். முதல் நாள் எல்லாரும் ஆடுவார்கள், அதில் தேறுகிற பன்னிரண்டு பேர் மறுநாள் ஆட வேண்டும், இரண்டு நாள் புள்ளிகளையும் கூட்டி முதல் ஆறு பேரை எடுப்பார்கள். முந்தின இரவு பந்துகளை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து, முதல் நாள் விடிய எழுந்து, சின்னராசு வருவதற்கு முன்னாலேயே மூன்றையும் துளைத்துப் பையில் போட்டுக்கொண்டு, குணாளன் ஓட்டிய காடியில் ஏறி அவள் ஈப்போ போய்ச் சேர்ந்தாள். ஆடினாள். எந்தப் பந்தை நம்புவது என்று தெரியாமலே ஆடி, சாயங்காலம் புள்ளிப் பலகையைப் பார்த்தபோது ஏழாவதாக இருந்தாள். ஆறாவதாக இருந்தது யஷ்வினி என்கிற பெண், கல்லூரியில் படிக்கிறவள், தலைமுடியைக் குதிரைவாலாகக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பந்தை விடும்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறவள். அவளுக்கும் கோகிலவாணிக்கும் நடுவே நாலைந்து பின்தான் வித்தியாசம்.

வெளியே போகும்போது தேர்வு அதிகாரி ஹாலிம் எல்லாப் பந்துகளையும் கிடங்கு அறையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ராத்திரியில் யாரும் பந்தைச் சுரண்டித் தேய்த்துத் திருட்டு வேலை செய்யக் கூடாது என்பதற்காக. கோகிலவாணி அவரிடம் போய், மலாயில், ஐயா என்பதற்கு என்சே போட்டு, தன் பந்துகளைத் தனியாக வைக்கும்படி கேட்டாள்.

"ஏன்?"

"மற்றவர்கள் பந்தில் இருக்கிற துளையெல்லாம் மூடிவிடும், என்சே."

ஹாலிம் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று அவர் பையை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம், சத்தம் போட்டிருக்கலாம், அறை வாசலில் படுத்தே இருக்கலாம். அவள் ஒரு தடவைதான் சொன்னாள். ஏழாவது இடத்தில் இருக்கிறவளுக்கு அதற்கு மேல் சொல்ல மனசு வரவில்லை.

காலையில் சாவித் துவாரம் இல்லாத அந்தக் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். உள்ளே பன்னிரண்டு பேரின் பந்துகளும் சீர்த்தட்டில் லட்டு உருண்டைகளை அடுக்கின மாதிரி மொழுமொழுவென்று வரிசையாக இருந்தன. காலணிகளில் கயிறு கோக்கிற துளைகள் மூடி, கயிறுகள் தோலுக்குள் சிறைப்பட்டுக் கிடந்தன. யாரும் கத்தவில்லை. தங்கள் பந்தைத் தூக்கிப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிக் கோகிலவாணியைப் பார்த்தார்கள்.

"நேத்தே சொன்னேன்," என்றாள் அவள்.

ஹாலிம் தலையைச் சொறிந்தார். அந்த மையத்தில் துளை போடுகிற ஆள் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தான். ஆட முடியாது என்றால் முதல் நாள் புள்ளிதான் முடிவு, முதல் ஆறு பேர் தேர்வு, மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆறு முகங்கள் மலர்ந்தன. ஏழாவது முகத்துக்கு ரத்தம் ஏறியது. தன் பந்துகளே, தன் சொந்தப் பந்துகளே தன்னை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை, பாதி மலாயும் பாதித் தமிழுமாகப் பொரிந்தாள்.

"மெஷின் இருக்குல்ல இங்க? தொளைக்கிற ஆளு கலியாணத்துக்குப் போயிட்டா என்னா? நான் தொளச்சுத் தரேன். ஆளுக்கு ஒரு பந்து. மத்தியானம் ஆட்டத்த வைங்க."

தினமும் விடிந்தால் துளைத்த கை. ஊரே அவசரப்படுத்தி அவசரப்படுத்திப் பழக்கிய கை. ஹாலிமுக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை, விதியிலும் அதற்கு எதிராக ஒன்றும் இல்லை. அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் நின்றாள். ஒவ்வொருத்தியாக வந்து, பொட்டு எங்கே, விரல் அளவு எவ்வளவு என்று சொல்ல, அவள் கோடு போட்டு, இறுக்கிப் பொருத்தி, துளைத்து, ஓரம் வழித்து, அடுத்தது அடுத்தது என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். தன்னை வெல்ல வந்தவர்களுக்கெல்லாம் தானே ஆயுதம் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அவர்கள் ஆடினால்தான் அவள் ஆட முடியும், வேறு வழியில்லை.

யஷ்வினி கடைசிக்கு முந்தினவளாக வந்தாள். பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பொட்டு எங்க வைக்கணும்?"

"தெரியாதுக்கா."

"தெரியாதா?"

"கோச்தான் எப்பவும் சொல்வாரு. அவரு போன எடுக்கல. எனக்கு அச்சுப்புள்ளி நம்பர்கூடத் தெரியாது." குதிரைவால் ஆட அவள் அழாமல் சமாளித்தாள். "நீங்களே பாத்துப் போடுங்கக்கா. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

கோகிலவாணி அவளை மையத்தின் பொதுப் பந்து ஒன்றில் வெள்ளை ஒட்டுத்தாள் துண்டு ஒட்டி உருட்டச் சொன்னாள். உருளும்போது தாள் ஆட்டம் போடாமல் ஒரே இடத்தில் நின்றால் அதுதான் அச்சுப்புள்ளி. இரண்டு தடவை தாளை மாற்றி ஒட்டினாள், மூன்றாம் தடவை நின்றது. இப்போது அவள் கையில் எல்லாம் இருந்தது. பொட்டைக் கட்டைவிரல் அகலத்துக்கு அந்தப் புள்ளியை நோக்கி நகர்த்தினால் போதும். இந்தப் பெண்ணின் பந்து வளைய மறந்து நேரே போய்க்கொண்டே இருக்கும், இவளும் நாக்கைக் கடித்துக் கடித்துப் பார்த்துவிட்டுத் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். யாருக்கும் தெரியாது. மெழுகுப் பென்சில் கொஞ்ச நேரம் பந்தின் மேல் படாமல் நின்றது.

ஆனால் பாருங்கள், அத்தனை மாதமும் ஊரில் ஒவ்வொருத்தரும் தங்கள் ஓட்டைக்காக, இங்கே வை, அங்கே வை, மேலே வை, கீழே வை என்று சொன்னார்களே தவிர, உனக்கு எது சரியென்று படுகிறதோ அங்கே வை என்று ஒருத்தராவது சொன்னதுண்டா? கட்டின புருஷன்கூடச் சொன்னதில்லை. சொன்ன ஒரே ஆள் இந்தப் பெண்தான், அதுவும் இந்த நேரத்தில்தான் சொல்லித் தொலைக்க வேண்டும். கோகிலவாணிக்கு அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கோபத்தோடேயே அவள் பொட்டை விரல்களுக்கு மேலே, மோதிரவிரலுக்குச் சற்று வலப்பக்கம், அந்தக் கைக்கும் அந்த எண்ணெய்க்கும் எது சரியோ அந்த இடத்தில் வைத்து, தன் பந்துக்குக்கூட என்றைக்கும் செய்யாத நிதானத்தோடு துளைத்துக் கொடுத்தாள்.

"போ. நாக்கக் கடிக்காத, அறுந்துறப் போவுது."

அதற்குள் ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கோகிலவாணியின் மூன்று பந்துகளில் கைக்குக் கிடைத்தது நீலம். கோடு போட நேரமில்லை. இயந்திரத்தில் தூக்கி வைத்தாள், அது எப்படி உட்கார்ந்ததோ அப்படியே இறுக்கினாள், மூன்று துளைகளையும் போட்டாள். எடுத்துப் பார்த்தபோது பொட்டு கட்டைவிரல் துளைக்குப் பக்கத்தில், எந்தப் புத்தகமும் சொல்லாத, எந்தப் பயிற்சியாளனும் அனுமதிக்காத ஓர் இடத்தில் அசட்டுத்தனமாக உட்கார்ந்திருந்தது.

அதை வைத்துக்கொண்டுதான் எல்லா ஆட்டத்தையும் ஆடினாள். புது எண்ணெய்க்கும் அதுதான், வறண்ட தளத்துக்கும் அதுதான். முதலில் அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மாற்றிப் போட வேறு பந்து இல்லாததால் அவள்தான் மாறிக்கொண்டாள். தளத்தில் ஒரு பலகை இடது, இரண்டு பலகை இடது, மணிக்கட்டைக் கொஞ்சம் தளர்த்தி, வேகத்தைக் கொஞ்சம் கூட்டி. கடைசி இரண்டு ஆட்டங்களில் பின்கள் சரிந்த சத்தம் கேட்டு ஹாலிமே எழுந்து வந்து நின்று பார்த்தார். முதல் ஆட்டங்களில் கீழே சரிந்திருந்தவள் புள்ளிப் பலகையில் மேலே மேலே ஏறினாள். யஷ்வினியும் தன் இடத்தை விடவில்லை. கடைசிக் கணக்கில் யஷ்வினி ஆறாவது, கோகிலவாணி ஏழாவது. நடுவில் இரண்டே இரண்டு பின்.

யஷ்வினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அக்கா, ஒங்க தொளதான் அக்கா என்னையக் காப்பாத்துச்சு."

கோகிலவாணி அவளுடைய முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

ஹாலிம் வந்து, அணியோடு ஒரு துளை போடுகிற ஆள் தேவை, அவளைப் போல ஒருத்தியைப் பார்த்ததே இல்லை, அவள் வருவதென்றால் அணிச் சட்டைகூடக் கொடுப்போம் என்றார்.

சட்டை! அவள் அதற்குத்தானே ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வெளையாட வந்தேன், என்சே," என்றாள் தமிழிலேயே, அவருக்குப் புரிந்ததோ இல்லையோ. பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். காடியில் ஏறினதும் அழுதாள், ஊர் எல்லை வரைக்கும் அழுதாள், குணாளன் வானொலியைப் போடவும் தைரியமில்லாமல் ஓட்டிக்கொண்டு வந்தான்.

"ரெண்டே பின்னு," என்றாள் செம்பனைக் காடு தெரிந்தபோது.

"ம்."

"அந்தப் பொட்ட ஒழுங்கா வச்சிருந்தா..."

"நாளைக்கு வேற எடத்துல வச்சுக்கலாம் வாணி. எப்புடியும் மூடிரும்ல."

அவள் நீலப் பந்தைக் கடை மேசையில் இறக்கி வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனாள். சாவி துவாரத்தில் சரியாகப் போய் நுழைந்தது. அதை அவள் கவனிக்கவில்லை, மேசை மேல் நீலப் பந்தைப் பார்த்த பிறகுதான் கவனித்தாள். மூன்று துளைகளும் திறந்திருந்தன. நேற்று அவசரத்தில் வழிக்காமல் விட்ட ஓரம்கூட அப்படியே சொரசொரவென்று இருந்தது. அவள் விரல்களை உள்ளே விட்டுப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி விட்டாள்.

"இதுவா?" என்றாள் பந்தைப் பார்த்து. "எத்தன நாளு, எத்தன விதமா, அளந்து அளந்து, அழகு அழகா போட்டேன். ஒண்ணாவது நின்னுச்சா? கண்ண மூடிக்கிட்டுப் போட்ட இந்தக் கேடுகெட்டதுதான் நிக்கணுமா ஒனக்கு?"

பின்னால் சின்னராசு செருமினார். மண்டபத்து மேற்குப் பக்கம் இன்னும் ஒழுகுகிறதாம், ராத்திரி பந்து இல்லாததால் வாளி வைத்துப் பார்த்தார்களாம், இன்றைக்குச் சிவப்புப் பந்துக்குப் பொட்டைக் கீழே வைத்து...

"இனிமே மூடாதுண்ணே."

"என்னாது மூடாதா? ஏன், நீ என்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. தொளைய மாத்தல, நாந்தான் மாறிக்கிட்டேன். கூரைக்குத் தகரம் வாங்கிப் போடுங்க."

அவர் இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், ஊருக்கு வந்த அதிர்ஷ்டத்தை ஈப்போவில் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டாள் என்றார், குழுவைக் கூட்டிப் பேச வேண்டியிருக்கும் என்றார். அவர் பின்னால் மக்சிக் ரோஸ்னா ஒரு குடத்தோடும் ஆ ஹெங் ஒரு டயரோடும் வந்து நின்றார்கள். கோகிலவாணி மெழுகுப் பென்சிலை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். நீலப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர்களை விலக்கிக்கொண்டு, மையத்துக்குள் போய் ஆளில்லாத முதல் தளத்தில் விளக்கைப் போட்டாள்.

பந்தை விட்டாள். அது போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், பாதி தூரத்திலேயே மனசு மாறி, வளைந்து, முன்னால் நிற்கிற பின்னைத் தவறவிட்டு, இடது பக்கம் மூன்றைத் தட்டிவிட்டு மறைந்தது. அவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அது திரும்பி வருகிற வரைக்கும் கடுகடுவென்று காத்திருந்தாள். பந்து வந்தது. எடுத்துக்கொண்டு ஒரு பலகை இடது பக்கம் தள்ளி நின்று, மறுபடி விட்டாள்.